கையுறைக்குள் இருக்கும் கை

அறுவை சிகிச்சைக் கையுறை ஒரு தாதியின் கைப் புண்ணிலிருந்து பிறந்தது. 1889-90 குளிர்காலம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அறுவைக் கூடத்தின் தலைமைத் தாதி கேரோலைன் ஹாம்ப்டன். கிருமியைக் கொல்ல அங்கே பாதரசக் கரைசலையும் கார்பாலிக் அமிலத்தையும் பயன்படுத்தினார்கள். அது ஹாம்ப்டனின் கைகளை வெந்ததுபோல ஆக்கிவிட்டது. வேலையை விட வேண்டிய நிலை. அறுவைப் பிரிவை நடத்திக்கொண்டிருந்த வில்லியம் ஹால்ஸ்டட், குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் மெல்லிய ரப்பரில் இரண்டு ஜோடிக் கையுறைகள் செய்து தரச் சொன்னார். 1890 ஜூனில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

இந்தக் கதை எனக்குத் தெரியவந்ததற்குக் காரணம் என் பிழைப்பு. உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயந்திரப் பொறியியல் முடித்துவிட்டு, கிள்ளான் மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிடுவோம். இரண்டு நிமிடம் கழித்தும் எங்கும் சொட்டு எட்டிப் பார்க்கவில்லை என்றால் அது தேறும். என் தாத்தா காப்பார் பக்கம் பால்மரம் வெட்டியவர். "நாங்க பால எடுத்தோம், நீ அத கையா செய்யிற" என்பார் பாட்டி. ஹாம்ப்டன் தென் கரோலினாவில் அடிமைகளை வைத்துப் பருத்தித் தோட்டம் நடத்திய குடும்பத்துப் பெண் என்று பிறகு படித்தேன். தோட்ட முதலாளி வீட்டுக் கைக்காகத் தொடங்கிய பொருள், சுற்றி வந்து தோட்டப் பாட்டாளியின் பேரனிடம் வந்து நிற்கிறது. (அந்த முதல் கையுறைகளில் மலாயா ரப்பர் இல்லை. அப்போது உலகத்து ரப்பரில் பெரும்பகுதி அமேசான் காட்டிலிருந்து வந்தது. மலாயாவில் வணிக அளவில் நடத் தொடங்கியதே 1890களின் நடுவில்தான்.)

ஆனால் நான் எழுத வந்தது கையுறையைப் பற்றி அல்ல, அதற்குள் போகும் கையைப் பற்றி. கிள்ளானில் என்னோடு இடைநிலைப்பள்ளியில் படித்த தோழி ஒருத்தி மருத்துவம் முடித்து, ஹவுஸ்மேன் காலமும் முடித்து, எம்.ஓ.வாகச் சில வருடங்கள் ஓட்டிவிட்டு, இந்த வருடம் அறுவை மருத்துவத்தில் முதுகலைப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். நான்கு வருடப் படிப்பு. சேர்வதற்கு முதல் வாரம் பிரிக்பீல்ட்ஸில் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள்: "பரீட்சைக்கெல்லாம் பயம் இல்லடா. கத்திய கையில குடுத்துட்டு எல்லாரும் என் கையவே பார்ப்பாங்கல்ல, அதுக்குத்தான்." நான் வழக்கம்போல "உன்னால முடியும்" என்றேன். சொன்ன எனக்கே அது உப்பில்லாமல் இருந்தது. இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது, இதற்கு முன்னால் வந்தவர்களுக்கு எது தைரியம் தந்தது என்று தேடத் தொடங்கியது அப்படித்தான்.

தேடப் போனால் மறுபடியும் ஹால்ஸ்டட்டே எதிரில் வந்து நின்றார்.

கையுறையைவிட அவர் உலகத்துக்குத் தந்த பெரிய விஷயம் ரெசிடென்ஸி. அதற்கு முன்பு அமெரிக்காவில் அறுவை மருத்துவராக ஒழுங்கான பாதை என்று ஒன்று கிடையாது. ஒரு பெரியவரிடம் ஒட்டிக்கொண்டு பார்த்துப் பழகுவதுதான். ஹால்ஸ்டட் ஜெர்மன், ஆஸ்திரிய மருத்துவமனைகளில் பார்த்த முறையை எடுத்து இறுக்கமாக அமைத்தார். பயிற்சியாளர்கள் மருத்துவமனையிலேயே குடியிருக்க வேண்டும். 'ரெசிடென்ட்' என்ற சொல்லே அதனால் வந்ததுதான். பிரிட்டிஷ் வழியில் நமக்கு வந்த 'ஹவுஸ்மேன்' என்ற சொல்லுக்கும் அடிப்படை அதே குடியிருப்புதான். கல்யாணம் ஆகாதவராக இருப்பது எதிர்பார்ப்பு. எத்தனை வருடம் என்ற கணக்கு கிடையாது, அவர் போதும் என்று சொல்லும்வரை. அமைப்பு கூம்பு வடிவம்: கீழே பலர், மேலே போகப் போகக் குறைந்து, உச்சியில் ஒரே ஒரு ரெசிடென்ட். முப்பத்து மூன்று வருடத்தில் அந்த உச்சிக்குப் போனவர்கள் 17 பேர்.

ஒரு பொறியாளனாக அந்தக் கூம்பைப் பார்க்கும்போது எனக்கு உறைப்பது ஒன்றுதான். அதில் பயம் பக்கவிளைவு அல்ல, எரிபொருள். பக்கத்தில் நிற்பவன் நண்பனாகவும் இருக்க வேண்டும், அவன் விழுந்தால்தான் நான் மேலே போக முடியும். கை நடுங்கினால் அதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் அதுவே கழித்துவிடப் போதுமான காரணம்.

மேலே உட்கார்ந்திருந்த மனிதரும் ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தார். 1884இல் கொக்கெய்னை நரம்பில் ஏற்றி உணர்விழக்கச் செய்யும் முறையை ஹால்ஸ்டட்டும் சகாக்களும் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார்கள். அடிமையானார்கள். மருத்துவமனையில் சேர்ந்து மீண்டு வந்ததாக வெளியே சொல்லப்பட்டது. உண்மையில் கொக்கெய்னின் இடத்தை மார்ஃபின் பிடித்திருந்தது. உடன் வேலை செய்த வில்லியம் ஆஸ்லர் இதை எழுதி முத்திரையிட்டு வைத்த ரகசியக் குறிப்பு 1969இல்தான் திறக்கப்பட்டது. பலவீனத்தைக் காட்டவே கூடாது என்ற பாடத்தை உலகம் முழுக்க அனுப்பிய பள்ளி, தன் ஆசிரியரின் பலவீனத்தை ஒரு உறைக்குள் ஒட்டி வைத்திருந்தது. இதைக் கிசுகிசுவாகச் சொல்லவில்லை. அவர் எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய முறைகளைத் தந்தவர். ஆனால் அவர் கட்டிய அமைப்பில் "என்னால் இன்று முடியவில்லை" என்று சொல்ல ஒரு கதவு வைக்கப்படவில்லை. அவருக்கே அது தேவைப்பட்டிருந்தும்.

அந்தக் கூம்பின் உச்சிக்குப் போன 17 பேரில் ஒருவர் ஹார்வி குஷிங். மூளை அறுவை மருத்துவத்தின் முன்னோடி என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் அதே குஷிங். அவருடைய தொடக்கத்தில் நடந்த ஒரு சம்பவத்தை என் தோழிக்கு நான் இதுவரை மூன்று முறை சொல்லிவிட்டேன்.

1893. குஷிங் ஹார்வர்டில் மாணவர். பாஸ்டன் மருத்துவமனையின் அறுவைக் கூடத்தில், பார்வையாளர் வரிசையிலிருந்து அவரைக் கீழே அழைத்து நோயாளிக்கு ஈதர் கொடுக்கச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் மயக்க மருந்து கொடுப்பது கற்றுக்குட்டியின் வேலை. எவ்வளவு, எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. குடல் சிக்கிய நிலையில் வந்த நோயாளி. ஆசிரியர் மாணவர்களுக்கு நோயை விளக்கிக்கொண்டிருக்கிறார், அறுவை தொடங்குகிறது, நோயாளி மேசையிலேயே இறந்துபோகிறார். குஷிங் வெளியே வந்து மாலைவரை தெருக்களில் நடந்தார். மருத்துவமே வேண்டாம் என்று முடிவு செய்து, விஷயத்தைச் சொல்லத் திரும்பிப் போனார். அங்கே இருந்தவர்களுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. இது அடிக்கடி நடப்பதுதான், மறந்துவிட்டுப் படிப்பைப் பார் என்றார்கள்.

ஆறுதல்தான். கெட்ட எண்ணத்தில் சொன்னதும் அல்ல. "பழகிடும்" என்று நம் வார்டுகளில் சொல்வதும் இதேதான்.

குஷிங் படிப்பைத் தொடர்ந்தார், ஆனால் மறக்கவில்லை. அடுத்த ஓரிரு வருடத்தில் அவரும் வகுப்புத் தோழர் எர்னஸ்ட் காட்மேனும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். யார் நன்றாக மயக்க மருந்து கொடுக்கிறோம் என்று பந்தயம் கட்டிக்கொண்டு, நோயாளியின் நாடித்துடிப்பையும் சுவாசத்தையும் கட்டம் போட்ட தாளில் விடாமல் குறிக்கத் தொடங்கினார்கள். ஈதர் அட்டவணை. உலகத்தில் எந்த அறுவைக் கூடத்துக்குப் போனாலும் இன்று மயக்க மருத்துவர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பதிவின் மூதாதை அதுதான். பிறகு இத்தாலி போய் வந்த குஷிங் 1901இல் ரத்த அழுத்தம் அளக்கும் கருவியையும் கொண்டுவந்து அதில் சேர்த்தார்.

எனக்கு இந்தக் கதை பிடித்ததற்குக் காரணம் அதில் இருக்கும் தாள். பயந்துபோன ஒரு பையனுக்குத் தைரியம் தந்தது பெரியவர்கள் சொன்ன வார்த்தை அல்ல. பென்சிலும் கட்டமும், கூட நின்று அதே தாளை நிரப்பிய இன்னொரு பையனும்தான்.

இந்த முறைகள் நம் ஊருக்கு வந்து சேர்ந்த கதை வேறு. இங்கே கேள்வி கை நடுங்குகிறதா என்பதாக இருக்கவில்லை. உன் கைக்குக் கத்தி கொடுக்கலாமா என்பதாக இருந்தது.

அதற்கு முன்னால் யாழ்ப்பாணத்துக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம், ஏனென்றால் பிரிக்பீல்ட்ஸின் பழைய ரயில்வே குடும்பங்கள் பலவற்றுக்கு வேர் அங்கேதான். ஸ்காட் ரோடு கந்தசாமி கோவிலைக் கட்டியவர்கள் அவர்கள். அந்த மானிப்பாயில், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் வந்து இறங்கி மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில். 1864 முதல் தமிழில். அவரும் அவருடைய மாணவர்களும் பாடநூல்களையே தமிழாக்கினார்கள். ஆங்கில அறுவை நூல் ஒன்று 1867இல் 'இரண வைத்தியம்' என்று வெளிவந்தது. அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பயிற்றுவித்தார். ஆங்கிலத்தில் படித்தால் அரசாங்க வேலைக்குப் போய்விடுவார்கள், தமிழில் படித்தால் ஊரில் இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. அதில் மிஷனரியின் சொந்தக் கணக்கும் உண்டு. இருந்தாலும் யோசித்துப் பாருங்கள்: கத்தியை முதன்முதலாகப் பிடிக்கும் பையனும், மேசையில் படுத்திருக்கும் ஆளும், சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரும் ஒரே பாஷையில் பேசிய ஓர் அறுவைக் கூடம். என் தோழி வேலை செய்யும் வார்டில் நோயாளி தமிழ், தாதி மலாய், ஆசிரியர் ஆங்கிலம். திட்டு மட்டும் மூன்றிலும் வரும்.

மலாயாவுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே மருத்துவமனைகளில் கீழ்மட்ட மருத்துவப் பணிகளுக்கு மதராஸிலிருந்தும் இலங்கையிலிருந்தும் உதவி அறுவை மருத்துவர்களையும் மருந்தாளர்களையும் கொண்டுவந்தார்கள். உள்ளூர்ப் பையன்களைப் படிக்க மதராஸுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பிறகு டான் ஜியாக் கிம் தலைமையில் வணிகர்கள் பணம் திரட்டி, 1905இல் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி திறந்தது. 23 மாணவர்கள். இடம், பெண்கள் மனநல விடுதியாக இருந்த பழைய கட்டிடம். 1910இல் ஏழு பேர் தேறி வெளியே வந்தார்கள். பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்ற அதுதான் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நவீன மருத்துவக் கல்வியின் தாய்வீடு.

1916இல் லண்டன் மருத்துவ மன்றம் அந்தப் பட்டயத்தை அங்கீகரித்தது. அதாவது சட்டப்படி இவர்கள் பிரிட்டனிலேயே மருத்துவம் பார்க்கலாம். ஆனால் சொந்த ஊர் அரசாங்க மருத்துவமனையில் உயர்பதவிகள் ஐரோப்பியருக்கு. உள்ளூர்ப் பட்டதாரி எத்தனை வருடம் ஆனாலும் உதவி மருத்துவ அலுவலர். நேற்று கப்பலில் வந்த இளம் துரை அறுப்பார், இருபது வருட அனுபவம் உள்ளவர் எதிரில் நின்று கொக்கியை இழுத்துப் பிடிப்பார். 'உதவி' என்ற சொல் பதவியில் ஒட்டிக்கொண்டால் கையிலும் ஒட்டிக்கொள்ளும். நான் முதல் முறை இந்த வரலாற்றைப் படித்தபோது தோட்டத்து டிரெசர்தான் ஞாபகத்துக்கு வந்தார். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடுவதிலிருந்து காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதுவரை எல்லாம் அவர். டாக்டர் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார். பாட்டிக்கு இன்றும் 'டாக்டரு' என்றால் மனதில் வருவது டிரெசர் முகம்தான்.

பிறகு 1942. ஜனவரி 11 கோலாலம்பூர் விழுந்தது, பிப்ரவரி 15 சிங்கப்பூர். பிரிட்டிஷ் மருத்துவர்கள் சிறைமுகாமுக்குப் போனார்கள். மருத்துவமனைகள் மறுநாளும் திறந்துதானே ஆக வேண்டும்? நேற்றுவரை உதவியாளராக நின்றவர்கள் மேசையின் மறுபக்கத்துக்கு வந்தார்கள். சிங்கப்பூரில் கண்டாங் கர்பாவ் மகப்பேறு மருத்துவமனையில் உள்ளூர் நோயாளிகள் பிரிவின் பொறுப்பை ஏற்றவர் பெஞ்சமின் ஷியர்ஸ். 1929இல் அதே கல்லூரியில் தேறியவர், பின்னாளில் சிங்கப்பூர் அதிபரானவர். மருந்து இல்லை, கட்டுத்துணி இல்லை, ஜப்பானிய ராணுவம் தலைக்கு மேலே. இருந்தும் உள்ளூர்க் கைகள் அந்த மூன்றரை வருடமும் வேலை செய்தன. போர் முடிந்து வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தபோது 'இவர்களால் முடியாது' என்ற வாதம் செத்துவிட்டிருந்தது.

ஆக்கிரமிப்பைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத தோட்டத்து ஆட்களின் பேரப்பிள்ளைகள் நாம். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: முப்பது வருடமாக அந்தக் கைகளில் திறமை இருந்தது. நம்பிக்கை இல்லாமல் போனதற்குக் காரணம் அவர்கள் மனசுக்குள் இல்லை, நியமனக் கடிதத்தில் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு கோலாலம்பூரில் சொந்தமாக ஒரு மருத்துவப் பள்ளி. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தை உருவாக்கிய முதல் தலைவர் டி. ஜே. தனராஜ், தமிழர், ஏழாம் எட்வர்ட் கல்லூரியின் மாணவர். 1964இல் முதல் 40 மாணவர்கள் சேர்ந்தார்கள். 1968இல் பந்தாய் பள்ளத்தாக்கில் பல்கலைக்கழக மருத்துவமனை முறையாகத் திறக்கப்பட்டது. அந்த மருத்துவ நூலகத்துக்கு இன்று அவர் பெயர்தான். பட்டம் பெற்றவர்கள் ஹவுஸ்மேனாக மருத்துவமனையில் வேலை பழகிய பிறகே முழுப் பதிவு என்பது 1971 மருத்துவச் சட்டத்தில் உறுதியானது. அதுவரை ஒரு வருடமாக இருந்த ஹவுஸ்மேன் காலம் 2008இல் இரண்டு வருடமானது.

ஹவுஸ்மேன் வாழ்க்கையில் 'டேகிங்' என்று ஒன்று உண்டு. புதிய துறைக்கு வரும் எச்.ஓ. முதல் இரண்டு வாரமோ என்னவோ விடிவதற்கு முன்னால் வந்து இரவு பத்துவரை வார்டிலேயே கிடந்து பழக வேண்டும். யோசனை என்னவோ நல்லதுதான், புதியவன் மூத்தவனின் கூடவே ஒட்டிக்கொண்டு கற்றுக்கொள்வான். நல்ல மூத்தவர் கிடைத்தால் அது குருகுலம், கிடைக்காவிட்டால் ராகிங். என் தோழிக்கு இரண்டும் கிடைத்திருக்கிறது. எந்த மருத்துவமனை என்று எழுத மாட்டேன். ஒரு துறையில் நாலு மாதமும் யாரும் அவள் பெயரைக் கேட்கவில்லை. "ஹேய் எச்.ஓ.!" அவ்வளவுதான். "நாய்க்குக்கூட பேரு வைக்கிறோம்டா" என்றாள்.

இந்தப் புகார் மலேசியாவுக்கு மட்டும் உரியதல்ல. நியூயார்க்கில் 1984இல் லிபி ஸயன் என்ற பதினெட்டு வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்தாள். தூக்கமில்லாமல் பல நோயாளிகளை ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்த ரெசிடென்ட்களின் நிலை அந்த வழக்கில்தான் பொதுப்பேச்சானது. வேலை நேரத்துக்கு வாரம் 80 மணி என்ற உச்சவரம்பு அமெரிக்கா முழுக்க வர 2003 ஆயிற்று. இங்கே 2011இல் ஹவுஸ்மேன்களுக்கு ஷிஃப்ட் முறை வந்தது. 2022 ஏப்ரலில் பினாங்கில் ஒரு ஹவுஸ்மேன் இறந்த பிறகு, மருத்துவமனைகளில் மிரட்டலும் பணிக் கலாச்சாரமும் பற்றி ஆராய சுகாதார அமைச்சு தனிக்குழு அமைத்தது. இதற்கு மேல் அந்த மரணத்தைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

ஆனால் மிரட்டல் மட்டும்தான் பயத்தின் ஊற்று என்று சொன்னால் பாதியைத்தான் சொன்னதாகும். மறுபாதி மீண்டும் நியமனக் கடிதம். 2016 டிசம்பரிலிருந்து புதிய மருத்துவர்களை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். 2021 நடுவில் வெளிவந்த கணக்கின்படி, 23,077 ஒப்பந்த மருத்துவர்களில் நிரந்தரமானவர்கள் 789 பேர். அப்போது ஒப்பந்தத்தில் இருந்தவருக்குச் சிறப்புப் பயிற்சிக்கான அரசு உதவித்தொகைக்கு வழியில்லாமல் இருந்தது. அதாவது அறுவை மருத்துவராகும் ஏணியில் முதல் படியே அவர்களுக்கு இருக்கவில்லை. 2021 ஜூலை நினைவிருக்கிறதா? கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை கோவிட் நோயாளிகளால் நிரம்பி வழிந்த மாதம். நான் தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்ட், உலகம் முழுக்கக் கையுறை கேட்டுக்கொண்டிருந்தது. ஜூலை 26 காலை 11 மணிக்கு நாட்டின் பல மருத்துவமனைகளில் ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடுத்து வெளியே வந்து நின்றார்கள். பொறுப்பை மூத்தவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, கொஞ்ச நேரம் நின்று, மறுபடி உள்ளே போனார்கள். முழு நீள வேலைநிறுத்தம்கூட இல்லை. அதற்கே போலீஸ் விசாரணை.

2024இல் இன்னொன்று. இதய அறுவைத் துறையில் எடின்பரோ ராயல் கல்லூரியின் இணைப் பயிற்சி வழியில் தேறிய நான்கு பேரைச் சிறப்பு மருத்துவர்களாகப் பதிய மலேசிய மருத்துவ மன்றம் மறுத்தது பெரிய சர்ச்சையானது. அந்தத் துறைக்காகப் பூமிபுத்ரா அல்லாதவரையும் யு.ஐ.டி.எம்.மில் தற்காலிகமாகச் சேர்க்கலாம் என்ற யோசனைக்கு எதிராக அதன் மாணவர்கள் மே மாதம் கறுப்பு உடுத்தினார்கள். மூன்று வருட இடைவெளியில் இரண்டு கறுப்பு உடைகள். ஜூலையில் நாடாளுமன்றக் கீழவை மருத்துவச் சட்டத்தைத் திருத்தியது. வருடக்கணக்கில் நெஞ்சைத் திறந்து தைத்துப் பழகியவர்களிடம் 'உங்கள் பயிற்சி செல்லுமா தெரியாது' என்று சொன்னால் எந்தக் கைதான் நடுங்காது?

உண்மையில் எல்லாக் கையும் நடுங்கும். இது உடலியல். நீட்டிய மனிதக் கை எதுவும் நொடிக்கு ஏறக்குறைய 8 முதல் 12 முறை, கண்ணுக்குத் தெரியாத அளவில் அதிர்ந்துகொண்டே இருக்கும். பதற்றத்தில் அட்ரினலின் சுரந்தால் அந்த அதிர்வு பெரிதாகிக் கண்ணுக்குத் தெரியும். காப்பியும் தூக்கமின்மையும் கூட்டும். முப்பது வருடம் அறுத்தவர் கையிலும் அது உண்டு. அவர் கற்றுக்கொண்டது அதிர்வை நிறுத்த அல்ல, தாங்கல் கொடுக்க. முழங்கையை உடம்போடு ஒட்டுவது, மணிக்கட்டையோ சுண்டுவிரலையோ எங்காவது ஊன்றிக்கொள்வது. எந்த நெம்புகோலுக்கும் தாங்குபுள்ளியை நுனிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் ஆட்டம் குறையும். முதலாண்டுப் பொறியியல்.

தோழியிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். ஏற்கெனவே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எம்.ஓ.வாக இருந்தபோது முதன்முறையாக அவளை அறுக்கச் சொன்ன சிறப்பு மருத்துவர், கத்தியின் நுனி ஆடுவதைப் பார்த்தார். அவள் திட்டை எதிர்பார்த்து நின்றாள். அவர் "பயப்படாதே" என்றுகூடச் சொல்லவில்லையாம். தன் கையை நீட்டி அவள் சுண்டுவிரலைப் பிடித்து நோயாளியின் வயிற்றில் ஊன்றி வைத்து, "இப்போ வெட்டு" என்றாராம். "அன்னிக்குத்தான்டா இந்தத் துறையே வேணும்னு முடிவு பண்ணேன்."

இன்னொரு கருவியையும் சொல்ல வேண்டும். 2008இல் உலக சுகாதார நிறுவனம் அறுவைக் கூடத்துக்கான சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. பத்தொன்பது வரிகள். அதுல் கவாண்டேயின் குழு அதை டொராண்டோ முதல் புதுடெல்லிவரை எட்டு நகரங்களில் சோதித்து 2009 ஜனவரியில் முடிவை எழுதியது: இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8க்கும், சிக்கல்கள் 11இலிருந்து 7க்கும் குறைந்தன. விமானிகளிடமிருந்து கடன் வாங்கிய யோசனை. மலேசிய மருத்துவமனைகளிலும் இது உண்டு. எனக்கு அதில் பிடித்தது எண்கள் அல்ல. தோலில் கத்தி படுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வரி: கூடத்தில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். ஒருமுறை வாய் திறந்து பெயர் சொன்னவர், பிறகு ஏதாவது தப்பாகத் தெரிந்தால் வாய் திறப்பார் என்பது அதன் கணக்கு. 2014இல் கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்தபோது அப்படி ஒரு பெரிய பலன் தெரியவில்லை. எங்கள் ஆலையில் எனக்கும் அது தெரியும்: பட்டியலை வாசிப்பது வேறு, எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிட்டு மெஷினை ஓட்டுவது வேறு.

பிரிட்டனில் அறுவைப் பயிற்சியாளர்கள் ஒவ்வொரு அறுவைக்கும் ஒரு பதிவேடு நிரப்புகிறார்கள். உதவினேன் என்று ஒரு குறி. ஆசிரியர் கையுறை அணிந்து எதிரில் நிற்க நான் செய்தேன் என்று ஒன்று. அவர் கையுறை அணியாமல் அருகில் இருக்க நான் செய்தேன், தனியாகச் செய்தேன் என்று அடுத்தடுத்து. கடைசியாக, என்னைவிட இளையவருக்குச் செய்யக் கற்றுக்கொடுத்தேன். ஹால்ஸ்டட்டின் கூம்பை இப்படித் தாளில் பிரித்துப் பார்த்தால் அது கொஞ்சம் மாடிப்படி போல ஆகிவிடுகிறது.

தோழியும் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். போன மாதம் ஒரு குடல்வால் அறுவையில், கடைசியாகத் தோலைத் தைக்கும் வேலையை ஒரு புது எச்.ஓ.விடம் கொடுத்திருக்கிறாள். அவனுக்கு அது முதல் தையல். இவள் எதிரில் நின்றிருக்கிறாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"பேரக் கேட்டேன். சுண்டுவிரல ஊனு தம்பின்னேன். வேற என்னத்தச் சொல்றது? நாலு தையல் போட்டான். மூணாவது கோணல். வெட்டிட்டு மறுபடி போடச் சொன்னேன், போட்டான்."